தொடுமுன் கழுவுங்கள்



விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மை செய்வதைப் பலர் பார்த்திருப்பீர்கள். சூளைக்குப் போகாத பச்சைப் பொம்மையைத் தொட்டால் விரல் தடம் பதிந்துவிடும், சுட்டபின் பதியாது. பிறந்த குழந்தையும் பச்சை மண்தான். தோல் மெலிது, தொப்புள் ஆறவில்லை, நோயை எதிர்க்கும் சக்தி முதிரவில்லை.

சில கிருமிகள் பிரசவ வேளையில் தாயிடமிருந்து வருகின்றன. மற்றவை வார்டில் நம் கைகளாலும் சுத்தமில்லாத கருவிகளாலும் பரவுகின்றன. தில்லியில் மூன்று மருத்துவமனைகளில் பிறந்து, 2011 முதல் 2014 வரை தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்க்கப்பட்ட 13,530 குழந்தைகளைக் கவனித்த ஆய்வு 2016-ல் வெளியானது. நூற்றுக்கு 14 குழந்தைகளுக்கு 'செப்சிஸ்' என்னும் கடும் கிருமித்தொற்று கண்டது. அவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் இறந்தனர். மூன்றில் இரண்டு பங்கு தொற்று முதல் மூன்று நாட்களுக்குள்ளேயே வந்தது. அதிகம் காணப்பட்ட அசினெட்டோபாக்டர் கிருமிகளில் நூற்றுக்கு 82 பல மருந்துகளுக்குக் கட்டுப்படவில்லை. மருந்து தோற்கும் இடத்தில் தடுப்பே துணை.

இதை நாங்களும் தாமதமாகவே கற்றோம். ஜெபிக்கப் போகும்போது நேரே குழந்தையின் தலையில் கை வைப்பது எங்கள் வழக்கம். ஒரு நாள் இளம் செவிலியர் ஒருவர், "ஐயா, முதலில் கை கழுவிவிடுங்கள்" என்றார். ஆசீர்வதிக்க நீட்டிய கை கூசிப்போயிற்று. அன்று முதல் எங்கள் ஜெபம் குழாயடியில் தொடங்குகிறது.

நாம் கைக்கொள்ள வேண்டியவை:

1. குழந்தையைத் தொடுமுன் விரலிடுக்கு, நகக்கண் வரை சோப்புப் போட்டுக் கழுவுங்கள். சளி, காய்ச்சல் உள்ளவர்கள் தூர நின்று பாருங்கள்.

2. பெரியவர் விரலால் சேனை வைக்க வேண்டாம். சர்க்கரைத் தண்ணீரும் வேண்டாம். ஒரு மணி நேரத்திற்குள் சீம்பால் கொடுங்கள். அதில் நோய் எதிர்ப்புப் பொருள்கள் உண்டு.

3. தொப்புளில் சாம்பல், மஞ்சள், எண்ணெய் தடவாதீர்கள். மருத்துவர் சொன்னால் ஒழிய எதுவும் இடாமல் உலர விடுங்கள்.

4. பால் குடிக்க மறுத்தல், உடல் சில்லிடுதல் அல்லது காய்தல், துவண்டு கிடத்தல், நிமிடத்திற்கு 60-க்கு மேல் மூச்சு, வலிப்பு: இவற்றில் ஒன்று கண்டாலும் விடியட்டும் என்று காத்திராதீர்கள்.

பங்காளர்களே, பெரிய இயந்திரங்களுக்கு மனமுவந்து கொடுக்கிறீர்கள். வார்டு வாசலில் வற்றாத குழாயும் ஒரு சோப்புக்கட்டியும் அவற்றுக்குக் குறைந்தவை அல்ல. அடுத்த முறை பிள்ளை பார்க்கப் போகும்போது, பழம் வாங்க மறந்தாலும் கை கழுவ மறவாதீர்கள்.