புது லாரியும் உத்தரவாதமும்

சங்கத்தின் பெயரால் ஒரு வண்டி வாங்கும்பொழுது அங்கத்தினர் ஒவ்வொருவருடைய பங்குப் பணமும் அதனோடு சாலையில் ஓடத் தொடங்குகிறது. உற்பத்தியாளர் அளிக்கும் உத்தரவாதம், அதாவது வழக்கில் ‘வாரண்டி’ என்று நாம் சொல்வது, அப்பணத்திற்கு ஒரு காவல். அக்காவலை நாமே அறியாமல் நீக்கிவிடுவதும் உண்டு. அஃது எவ்வாறு நேரிடுகிறது, எவ்வாறு தவிர்ப்பது என்பதே இம்மாதப் பாடம்.

முதுகுளத்தூர் வட்டாரத்துச் சரக்குகளில் முதன்மையானவை வற்றல் மிளகாயும் கரிமூட்டையும். இரண்டும் எடை குறைந்தவை. இடம் மிகுதியாகக் கொள்பவை. ஆதலின் புது வண்டி வந்த மறுவாரமே பக்கப் பலகைக்கு மேல் தட்டி உயர்த்துவது பழக்கமாகிவிட்டது. திரும்பும் வழியில் பரமக்குடியிலிருந்து நூல் சிப்பமும் உர மூட்டையும் ஏறுகின்றன. இவை கனமானவை. தட்டி உயர்ந்திருப்பதால் இவற்றையும் மேல்வரை அடுக்கும் ஆசை எழுகிறது. அதற்கென்று பின்புறம் கூடுதல் பட்டை சேர்க்கப்படுகிறது.

நாம் தணிக்கைக்குச் சென்ற ஒரு சங்கத்தில் இவ்வாறே நடந்தது. தட்டி உயர்த்தி, இரண்டு பட்டை கூட்டி, கம்பியை இடையில் அறுத்து ஒட்டி ஏர் ஹாரனும் கூடுதல் விளக்குகளும் பொருத்தியிருந்தனர். எட்டாம் மாதத்தில் மூன்று பழுதுகள் கண்டன. பின் அச்சின் பேரிங் உடைந்தது. மின்கம்பிக் கட்டு கருகியது. டீசல் பம்பில் கசிவு ஏற்பட்டது. மூன்றையும் பழுதுபார்க்க முடியாதென விற்பனை நிலையத்தார் வாய்மொழியாகக் கூறிவிட்டனர். நாம் காரியதரிசியிடம், “பம்பு கசிந்ததற்கு நாங்கள் செய்த எந்த மாற்றம் காரணம் என்பதை எழுத்தில் தெரிவியுங்கள்” என்று கடிதம் எழுதச் சொன்னோம். சில நாட்களில் பம்பு இலவசமாக மாற்றித் தரப்பட்டது. மற்ற இரண்டிற்கும் சங்கமே பணம் கட்டியது. அவ்வாண்டு அங்கத்தினருக்கு லாப ஈவு இல்லை. தீர்மானப் புத்தகத்தைப் புரட்டினோம். ‘வண்டிக்கு வேண்டிய வேலைகள் செய்து கொள்ளலாம்’ என்ற ஒரே வரிதான் இருந்தது.

எந்த மாற்றம் எதைப் பாதிக்கும்?

உத்தரவாதம் என்பது தயாரிப்பில் உள்ள குறையை ஏற்றுக்கொள்ளும் ஒப்பந்தம். வாங்குபவர் செய்த வேலையால் வரும் பழுதை அது ஏற்பதில்லை. மாற்றங்களை நான்கு வகையாகப் பிரித்துக் கொள்ளலாம்.

முதலாவது, பட்டை சேர்த்தல். பட்டை கூடுவதால் வண்டி தாழாது நிற்குமேயன்றி, அச்சும் பேரிங்கும் சேஸிஸும் முன்னிருந்த வலுவோடுதான் இருக்கின்றன. பதிவுச் சான்றில் குறித்த மொத்த எடையும் கூடுவதில்லை. இரண்டாவது, சேஸிஸில் துளையிடுதலும் பற்றவைத்தலும். துளையிட்ட இடத்தில் விரிசல் தொடங்கும். பாட்டரி இணைப்பைக் கழற்றாமல் பற்றவைத்தால் எஞ்சினை இயக்கும் மின்னணுப் பெட்டியும் கெடக்கூடும். மூன்றாவது, கம்பியை அறுத்து விளக்கு பொருத்துதல். நான்காவது, புகைக்குழாயிலும் வேகக் கட்டுப்பாட்டுக் கருவியிலும் கைவைத்தல். 2020 ஏப்ரல் முதல் பி.எஸ்.6 விதி நடைமுறையில் உள்ளது. இவ்விதிப்படி வந்த வண்டிகளில் புகையைச் சுத்தம் செய்யும் கருவிகள் எஞ்சினோடு பிணைந்தவை. ஒன்றைக் கழற்றினால் மற்றதும் கெடும்.

சேஸிஸ் மட்டும் வாங்கி, நாமக்கல், திருச்செங்கோடு போன்ற ஊர்களில் பாடி கட்டுவோர் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். சேஸிஸுக்கு உத்தரவாதம் தருபவர் வேறு. பாடிக்குப் பொறுப்பேற்பவர் வேறு. பின்னவரிடமும் எழுத்தில் உத்தரவாதம் பெறுதல் அவசியம்.

சட்டம் கூறுவது

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, உற்பத்தியாளர் குறித்த விவரங்களுக்கு மாறாகும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் கேரளத்து வழக்கொன்றில் இதனை உறுதி செய்தது. 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். அதிக பாரத்திற்கு 20,000 ரூபாயும், மிகுந்த டன் ஒவ்வொன்றுக்கும் 2,000 ரூபாயும் அபராதம். காப்பீட்டுக் கம்பெனிக்கு அறிவிக்காத மாற்றம் விபத்து நஷ்டஈட்டுக்கும் தடையாகலாம்.

எனினும், ஒரு மாற்றம் செய்ததனால் உத்தரவாதம் முழுவதும் தானே அழிந்துவிடும் என்று கருத வேண்டுவதில்லை. அமெரிக்காவில் 1975-ஆம் ஆண்டுச் சட்டமொன்று, கம்பெனியின் சொந்த உதிரிப் பாகத்தையே பயன்படுத்த வேண்டும் என்ற நிபந்தனையோடு உத்தரவாதத்தைக் கட்டுவதைப் பொதுவாகத் தடுக்கிறது. நம் நாட்டில் அதற்கு ஒத்த தனிச் சட்டம் இல்லை. ஆயினும் 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகள் பற்றிய உத்தரவில், வெளியார் பழுதுபார்த்தார் என்பதற்காக உத்தரவாதத்தை ஒட்டுமொத்தமாக நீக்கலாகாது, அந்த வேலையால் விளைந்த சேதத்தின் அளவிற்கே நீக்கலாம் என்றது. அந்த உத்தரவு மேல்முறையீட்டிற்குச் சென்றது. அது கார்களைப் பற்றியது. ஆதலின் அதனை லாரிக்குரிய தீர்ப்பாகக் கொள்ளாமல், ‘இம்மாற்றத்திற்கும் இப்பழுதிற்கும் என்ன தொடர்பு?’ என்று நாம் கேட்பதற்குரிய நியாயமாகக் கொள்வோம்.

பதில் திருப்தியளிக்காவிடில் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை இரண்டாண்டுக்குள் அணுகலாம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் கூட்டுறவுச் சங்கத்தையும் ‘நபர்’ என்றே கூறுகிறது. ஆனால் வாணிபத்திற்கென வாங்கிய பொருள் இச்சட்டத்துள் அடங்காது. சுயதொழிலால் பிழைக்க வண்டி வாங்கிய தனி அங்கத்தினருக்கு வழி திறந்திருக்கிறது. சங்க வண்டிக்கு அதன் உபயோகத்தைப் பொறுத்தே முடிவாகும்.

சங்கங்கள் செய்ய வேண்டியவை

1. சரக்கிற்கு ஏற்ற நீளமும் உயரமும் உள்ள வண்டியையே தேர்ந்தெடுத்தல். வாங்கியபின் மாற்றுவதைவிட வாங்குமுன் யோசிப்பது மலிவு.
2. உத்தரவாதப் புத்தகத்தின் விலக்குப் பகுதியை நிர்வாகக் கமிட்டியில் உரக்கப் படித்தல்.
3. எந்த மாற்றத்திற்கும் முன் விற்பனை நிலையத்தாரிடம் எழுத்தில் சம்மதமும், தேவையான இடத்தில் வட்டாரப் போக்குவரத்து அலுவலக அனுமதியும் பெறுதல்.
4. மாற்றத்தின் பெயர், செய்தவர், தேதி, செலவு ஆகியவற்றைத் தீர்மானத்தில் தனித்தனியே எழுதுதல்.
5. காலத்தில் சர்வீஸ் செய்து, ரசீதுகளை ஒரே கோப்பில் வைத்தல்.
6. மறுப்பு எதுவாயினும் எழுத்தில் கேட்டல்.

அடுத்த பொதுக்கூட்டத்தில் அங்கத்தினர்கள் இரண்டு கேள்விகள் கேட்கட்டும்: நம் வண்டியில் இதுவரை என்னென்ன மாற்றப்பட்டிருக்கிறது? அதற்கான காகிதம் எங்கே இருக்கிறது? இவ்விரண்டிற்கும் விடை கிடைக்கும் சங்கத்தில் பங்குப் பணம் பத்திரமாக இருக்கும்.