ஆட்கள் ஏன் நிற்பதில்லை? சிறிய விமான நிறுவனங்கள் தரும் பாடம்

தொழில் தெரியாமல் வரும் பையனுக்குத் தராசு பிடிக்கவும், சரக்கின் தரம் பார்க்கவும், பாக்கியைப் பக்குவமாகக் கேட்கவும் நாம் சொல்லிக் கொடுக்கிறோம். எல்லாம் தெரிந்துகொண்ட மூன்றாம் வருடம், தீபாவளி போனஸ் வாங்கிய கையோடு அடுத்த தெருப் பெரிய கடைக்குப் போய்விடுகிறான். சங்கக் கூட்டங்களில் இந்தக் குறையைச் சொல்லாத உறுப்பினர் இல்லை. இதே குறையால் ஒரு விமான நிறுவனம் பறப்பதையே நிறுத்த நேர்ந்தது. மளிகைக்கும் விமானத்துக்கும் என்ன சம்பந்தம் என்று ஒதுக்கிவிடாமல் படித்துப் பார்க்க வேண்டுகிறோம்.

அமெரிக்காவில் வயோமிங் மாநிலத்துச் செயென் நகரைத் தலைமையிடமாகக் கொண்டு கிரேட் லேக்ஸ் ஏர்லைன்ஸ் என்ற சிறிய நிறுவனம் இருந்தது. 1977-ல் தொடங்கியது. பெரிய விமானங்கள் போகாத சிற்றூர்களுக்கு, 19 இருக்கை கொண்ட சிறு விமானங்களை அரசு மானியத்துடன் ஓட்டி வந்தது. இத்தகைய நிறுவனங்களில் இளம் விமானிகள் சேர்வதே, பறந்த மணிக்கணக்கைச் சேர்த்துக்கொண்டு பெரிய நிறுவனத்துக்குப் போவதற்காகத்தான். அதனால் சம்பளமும் குறைவு. போகிறவர் போகட்டும், வாசலில் பத்துப் பேர் காத்திருக்கிறார்கள் என்ற தைரியத்தில் அந்தத் தொழில் பல வருடம் நடந்தது.

2013 ஆகஸ்டில் அந்த வரிசை சுருங்கியது. அதுவரை துணை விமானியாக உட்கார 250 மணி நேர அனுபவம் போதும். புதிய விதி பொதுவாக 1,500 மணி நேரம் கேட்டது. இருக்கை ஒன்பதுக்கு மேற்படாவிட்டால் அந்த விதி கட்டுப்படுத்தாது. ஆகவே கிரேட் லேக்ஸ் 2014-ல் தன் 19 இருக்கை விமானங்களில் 10 இருக்கைகளைக் கழற்றி வைத்தது! விமானம் அதே, விமானிகள் இருவரும் அப்படியே. விற்கக்கூடிய டிக்கெட் மட்டும் பாதிக்கும் கீழே. ஆள் இல்லை என்று பாதிக் கடைக்கு ஷட்டர் இறக்கினால் வாடகை குறையுமா? 2018 மார்ச் 26-ல் பயணச் சேவையை நிறுத்திக்கொண்டது.

விமானிப் பற்றாக்குறைக்குப் புதிய விதியே காரணம் என்றது நிறுவனம். விமானிகள் சங்கமோ, ஆளுக்குப் பஞ்சமில்லை, சம்பளத்துக்குத்தான் பஞ்சம் என்றது. சிற்றூர்ப் பயணத்தில் லாபம் சொற்பம் என்பதும் உண்மையே. ஆனாலும் சங்கத்தின் பக்கம்தான் நியாயம் அதிகம் என்பது என் கருத்து.

அந்த விதி வந்ததற்குக் காரணமான விபத்தைப் பற்றிச் சற்று விரிவாகப் பார்ப்போம். 2009 பிப்ரவரி 12 இரவு, நெவார்க்கிலிருந்து பஃபலோவுக்குச் சென்ற விமானம் இறங்கும் தறுவாயில் ஒரு வீட்டின் மேல் விழுந்தது. விமானத்தில் 49 பேர், வீட்டில் ஒருவர், ஆக 50 பேர் இறந்தனர். டிக்கெட்டில் இருந்தது கான்டினென்டல் என்ற பெரிய நிறுவனத்தின் பெயர். ஓட்டியது அதற்காக ஒப்பந்தத்தில் பறந்த கோல்கன் ஏர் என்ற சிறிய நிறுவனம். வேகம் குறைந்தபோது வந்த எச்சரிக்கைக்குத் தலைமை விமானி தவறாகச் செயல்பட்டதே காரணம் என்று விசாரணை முடிவாயிற்று.

நாம் கவனிக்க வேண்டியது துணை விமானியைப் பற்றிய பகுதி. அவர் ஓர் இளம் பெண். ஆண்டுச் சம்பளம் சுமார் 16,000 டாலர் என்று விசாரணையில் சொல்லப்பட்டது. அதைவிடக் கூடுதல் என்று நிறுவனம் பின்னர் திருத்திச் சொன்னது. எப்படியானாலும் நெவார்க் பகுதி வாடகைக்கு அது கட்டாது. அவர் குடியிருந்தது நாட்டின் மறுகோடியில், சியாட்டில் பக்கம், பெற்றோர் வீட்டில். முந்தின இரவு முழுதும் சரக்கு விமானங்களில் இடம் பிடித்து வந்து, ஊழியர் அறையில் சற்றுக் கண்ணயர்ந்துவிட்டு வேலைக்கு ஏறினார். சளி வேறு பிடித்திருந்தது. வீட்டில் இருந்திருந்தால் லீவு சொல்லியிருப்பேன், இங்கே வந்தபின் சொன்னால் ஓட்டலில் தங்க வேண்டிவரும் என்ற பொருளில் அவர் பேசியது ஒலிப்பதிவுக் கருவியில் இருந்தது. நெவார்க்கில் பணியாற்றிய கோல்கன் விமானிகளில் பாதிக்கு மேற்பட்டவர்கள் இப்படி வெளியூரிலிருந்து வந்து போனவர்களே. களைப்பு இருவரின் செயலையும் பாதித்திருக்கக்கூடும் என்று அறிக்கை குறித்தது.

அன்று மாலை அலுவலகத்தில் இருந்தவர்களுக்குத் தெரிந்ததெல்லாம், இரண்டு விமானிகளும் நேரத்துக்கு வந்துவிட்டார்கள் என்பதே. வருகைப் பதிவில் குறையில்லை. முடியவில்லை என்று சொல்ல வழியில்லாத இடத்தில் பதிவேடு எப்போதும் ஒழுங்காகவே இருக்கும். ஆள் விலகும் நாளில்தான் முதலாளிக்குச் சேதி தெரியும். விலகும் எண்ணமோ அதற்கு எத்தனையோ மாதம் முன்னே, காய்ச்சலோடு வேலைக்கு வந்த ஏதோ ஒரு நாளில் பிறந்திருக்கும்.

எழுதி வாங்கிக்கொண்டால் ஆள் நிற்பார் என்று நம்மில் சிலர் நினைக்கிறோம். நம் நாட்டு ஆகாசா ஏர் 2022 ஆகஸ்ட் 7-ல் பறக்கத் தொடங்கிய புது நிறுவனம். விலகுமுன் தலைமை விமானி ஓராண்டும் துணை விமானி ஆறு மாதமும் முன்கூட்டித் தெரிவிக்க வேண்டும் என்ற நிபந்தனை இருந்தது. இருந்தும் 2023-ல் 43 விமானிகள் நோட்டீஸ் காலம் முடியாமலே விலகிவிட்டதாக அது நீதிமன்றம் சென்றது. மாதம் நூற்றுக்கணக்கான பயணங்கள் ரத்தாயின. வேலை ஒப்பந்தத்தில் தலையிடத் தனக்கு அதிகாரம் இல்லை என்று விமானப் போக்குவரத்து இயக்குநரகம் நீதிமன்றத்தில் கூறியது. போகிறவர் செய்தது சரியென்று நான் சொல்லவில்லை. பத்திரம் கையில் இருந்தும் அன்றைக்கு விமானத்தை ஓட்ட ஆள் இல்லை.

அமெரிக்காவில் கடைசியில் பணம் இறங்கியது. 2022 ஜூனில் அமெரிக்கன் ஏர்லைன்ஸுக்குச் சொந்தமான என்வாய், பீட்மான்ட் என்ற சிறிய நிறுவனங்கள் புதிய துணை விமானிக்கு மணிக்கு 90 டாலர் என அறிவித்தன. என்வாயில் சேர்பவர் முறைப்படி அமெரிக்கனுக்கே ஏறிப்போக வழியும் உண்டு. போகப்போகிறவர் என்று தெரிந்தே, எப்போது, எப்படிப் போவார் என்பதைச் சேரும்போதே பேசி வைக்கிறார்கள்.

நம்மால் அந்த அளவு சம்பளம் ஏற்ற முடியாது. ஆனால் வெளியூர்ப் பையன் இரவில் எங்கே படுக்கிறான், கடைசி பஸ்ஸுக்கு முன் அவனை விடுகிறோமா, காய்ச்சல் என்று சொன்னால் கல்லாவிலிருந்து என்ன பதில் வருகிறது என்பவை நம் கையில் உள்ளவை. கடைசியாக விலகிய மூன்று பேரில் ஒருவரையாவது சந்தித்து, எந்த மாதம் போகலாம் என்று நினைத்தாய் என்று கேட்டுப் பாருங்கள். அந்த மாதத்துச் சம்பளப் புத்தகத்தையும் எடுத்து வைத்துக்கொண்டு கேளுங்கள்.