விதையின் நிறமும் எடையும் சேர்ந்து இறங்குகின்றனவா என்று அறியும் முறை

பயிர்களின் குணங்கள் இருவகைப்படும். விதைத்தோலின் நிறம் போன்றவை கண்டவுடன் சொல்லத்தக்கவை. விதையின் எடை, மகசூல் ஆகியவையோ சிறிது சிறிதாக ஏறி இறங்குவன. பல ஜீன்களும், அவற்றோடு எருவும் தண்ணீரும் சேர்ந்து இவற்றை நிர்ணயிக்கின்றன. ஆகையால் மடையருகில் நின்ற கொழுத்த செடியை நல்ல ஜாதி என்று விதைக்கு எடுப்பவர் பெரும்பாலும் ஏமாந்துபோகிறார். அவர் எடுத்தது மடையின் குணமேயன்றிச் செடியின் குணமன்று.

இதற்கு ஒரு வழியை 1923-ல் அமெரிக்காவில் கார்ல் சாக்ஸ் என்பவர் காட்டினார். நிறமுள்ள பெரிய விதையுடைய பீன்ஸையும் வெள்ளையான சிறிய விதையுடைய பீன்ஸையும் கலந்து, இரண்டாம் தலைமுறைச் செடிகளை மூன்றாகப் பிரித்தார். நிறமுள்ளவற்றுள் சுத்தமானது எது, கலப்பானது எது என்பது பார்வைக்குப் புலப்படாது. அதன் விதையை மறுபடியும் விதைத்து, வெள்ளை பிரிகிறதா என்று பார்த்தே அறிதல் வேண்டும். சுத்த நிறமுடைய 45 செடிகளில் விதையின் சராசரி எடை 30.7 சென்டிகிராம், கலப்பான 80 செடிகளில் 28.3, வெள்ளையான 41 செடிகளில் 26.4.

இரு கோடிகளுக்கும் வித்தியாசம் 4.3. இது தற்செயலாக நேர்ந்ததா என்பதே கேள்வி. எந்தச் சராசரிக்கும் ஒரு பிழையளவு உண்டு. சுத்த நிறத்துக்கு அது 0.6, வெள்ளைக்கு 0.5. இவ்விரண்டையும் தனித்தனியே வர்க்கித்துக் கூட்டி, வர்க்கமூலம் கண்டால் சுமார் 0.8 வரும். வித்தியாசம் அதன் இரண்டு மடங்காயின், 20 தடவைக்கு ஒரு தடவை வெறும் தற்செயலாகவும் நேரக்கூடும். இங்கோ 5 மடங்குக்கு மேல் உள்ளது. எனவே எடையைக் கூட்டும் ஜீன் ஒன்றாவது நிற ஜீனுக்கு அருகில், அதே குரோமோசோமில் இருத்தல் வேண்டும். அல்லது நிற ஜீனே எடையையும் பாதிக்க வேண்டும். இவற்றுள் எது என்பதை இக்கணக்கு மட்டும் சொல்லாது. பலமான ஜீன் தூரத்தில் இருப்பதும், பலவீனமான ஜீன் அருகில் இருப்பதும் இதில் ஒரே மாதிரியாகத் தோன்றும்.

அக்குறையை நீக்க, அடுத்தடுத்த இரண்டு அடையாளங்களுக்கு இடைப்பட்ட இடத்தைச் சோதிக்கும் முறையை 1989-ல் லாண்டர், பாட்ஸ்டீன் என்னும் இருவர் வகுத்தனர். ஆனால் 100 அடையாளங்களைப் பார்த்தால், மேற்சொன்ன 20-க்கு ஒன்று என்ற அளவுப்படி ஐந்து பொய்யாகவே தேறிவிடும். ஆகவே, ஜீன் உண்டு என்ற கொள்கை இல்லை என்பதைவிடச் சுமார் 1000 மடங்கு பொருந்தினாலன்றி ஒப்புக்கொள்வதில்லை.

ஒடிஸாவின் எஃப்.ஆர். 13ஏ நெல்லின் வழிவந்த வெள்ளந்தாங்கும் குணம் இம்முறையாலேயே 1996-ல் ஒன்பதாம் குரோமோசோமில் கண்டுபிடிக்கப்பட்டது. அக்கலப்பில் செடிக்குச் செடி காணப்பட்ட வேறுபாட்டில் ஏறக்குறைய 70 சதவீதம் அந்த ஓரிடத்தைச் சார்ந்திருந்தது. 2009-ல் இந்தியாவில் வெளியான ஸ்வர்ணா சப்-1, தமிழ்நாட்டுச் சம்பாவுக்கான சி.ஆர். 1009 சப்-1 ஆகியவை அதைக் கொண்டு உண்டாக்கப்பட்டவை. ஒவ்வொரு தலைமுறையிலும் நாற்றை மூழ்கடித்துப் பாராமல், இலைத்துண்டைச் சோதித்தே வேண்டிய செடியைப் பொறுக்க முடிந்தது.