புது பேடு போட்டும் ஏன் கீச்சிடுகிறது?

மும்பையை அடுத்த அம்பர்நாத்தில் பல வீடுகளுக்குக் கார் என்பது ஞாயிற்றுக்கிழமை வாகனம். மற்ற நாளெல்லாம் லோக்கல் ரயில்தான். கார் கட்டிடத்தின் கீழே நிற்கும். ஜூன் முதல் செப்டம்பர் வரை மழையிலும் ஈரக்காற்றிலும் ஊறிக்கொண்டு நிற்கும். பேடும் டிஸ்க்கும் மாற்றிய பிறகும் பிரேக் கத்துகிறது என்று புலம்புகிறவர்கள் முதலில் இந்தப் பழக்கத்தைத்தான் சந்தேகிக்க வேண்டும். ஆனால் சந்தேகம் போய் விழுவது வேறு இடங்களில்.

“எல்லாம் புதுசு. சத்தம் வந்தால் பொருள் டூப்ளிகேட்.”

போலிச் சரக்குக்குப் பேர்போன உல்லாஸ்நகர் பக்கத்து ஸ்டேஷன் என்பதால் இந்தச் சந்தேகம் நம் ஊரில் சீக்கிரமே வந்துவிடும். போலி பேடுகள் சந்தையில் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அசல் பொருளும் கத்தும். 1902இல் இங்கிலாந்தின் ஃபிரெடரிக் லான்செஸ்டர் டிஸ்க் பிரேக்குக்குக் காப்புரிமை வாங்கினார். செம்புப் பட்டைகள் இரும்புத் தட்டைப் பிடித்தபோது எழுந்த கிறீச்சொலி தாங்கமுடியாததாக இருந்தது. டிஸ்க் பிரேக் பிறந்த நாளிலிருந்தே உள்ள வியாதி இது.

காரணம் அதிர்வு. பேடு டிஸ்க்கைப் பிடிக்கிறது, நழுவுகிறது, மறுபடி பிடிக்கிறது. நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை. பிடில் வில் தந்தியை இழுப்பதும் இப்படித்தான். அந்த அதிர்வில் டிஸ்க்கே ஒலிக்கத் தொடங்குகிறது. பொருள் பழசா புதுசா என்று அதிர்வு பார்ப்பதில்லை.

புதுப் பேடும் புது டிஸ்க்கும் ஒன்றோடொன்று பழக வேண்டும். பேடின் பொருள் மெல்லிய படலமாக டிஸ்க் முழுக்க ஒரே சீராகப் படிந்தால்தான் பிடிப்பும் சீராகும். இதற்குப் பொதுவாகச் சொல்லும் முறை: மணிக்கு 50, 60 கிலோமீட்டர் வேகத்திலிருந்து, நிறுத்தாமல், 10 வரை மிதமாக பிரேக் பிடித்துக் குறைப்பது. எட்டு, பத்து தடவை. இடையிடையே ஆற விட வேண்டும். கல்யாண் பக்கம் நெரிசலில் ஊர்ந்து, பெடலைத் தொட்டுத் தொட்டு ஓட்டினால் இது நடக்காது. விடிகாலையில் பத்லாபூர் தாண்டி கர்ஜத் சாலையில், பின்னால் வண்டி இல்லாத நேரமாகப் பார்த்துச் செய்யலாம். அதே உற்சாகத்தில் நேரலிலிருந்து மாத்தேரான் ஏறி, தஸ்தூரி நாக்காவிலிருந்து பிரேக்கை மிதித்தபடியே இறங்கிவிடாதீர்கள். சூட்டில் பேடின் முகம் கண்ணாடிபோல் இறுகும். பிறகு சத்தமும் வரும், பிடிப்பும் குறையும். இறக்கத்தில் வண்டியைத் தாழ்ந்த கியர்தான் பிடிக்க வேண்டும்.

“பேடு, டிஸ்க் இரண்டையும் மாற்றியாச்சு. வேறென்ன இருக்கு?”

நிறைய இருக்கிறது. பெரும்பாலான சத்தம் இந்த ‘வேறென்ன’வில்தான் ஒளிந்திருக்கிறது. பேடின் முதுகில் ஒட்டும் மெல்லிய தகடு, அதாவது ஷிம், அதிர்வை விழுங்குவதற்காகவே இருப்பது. அதைப் பழைய பேடோடு குப்பையில் போட்டுவிடும் மெக்கானிக்குகள் உண்டு. பேடு உட்காரும் கிளிப் துருவேறியிருக்கலாம். பேடுகளை அழுத்தும் காலிபர் நகரும் பின் இறுகியிருந்தால், பிரேக்கை விட்ட பிறகும் ஒரு பக்கப் பேடு உரசிக்கொண்டே இருக்கும். அந்தப் பின்னுக்கு சிலிகோன் கிரீஸ் போன்ற, பிரேக்குக்கென்றே உள்ள கிரீஸ்தான் போட வேண்டும். சாதாரண கிரீஸில் ரப்பர் உறை ஊதிப்போகும். புது டிஸ்க்கில் துருப்பிடிக்காமல் இருக்கத் தடவியிருக்கும் எண்ணெயை மெக்கானிக் பிரேக் கிளீனரால் துடைத்தாரா? டிஸ்க் உட்காரும் ஹப்பில் இருந்த துருவைச் சுரண்டினாரா? சுரண்டாவிட்டால் டிஸ்க் நேராக உட்காராது, லேசாகக் கோணிச் சுற்றும். வேலை நடக்கும்போது பக்கத்தில் நின்று இவற்றைக் கேளுங்கள். மெக்கானிக் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

இன்னொன்று. சிறிய கார்களில் பெரும்பாலும் முன்னால்தான் டிஸ்க், பின்னால் டிரம். முன்சக்கரத்துக்குச் செலவழித்துவிட்டு, பின் டிரம்மில் அடைந்த தூளின் சத்தத்தைக் கேட்டு முன்னதைத் திட்டுகிறவர்கள் ஏராளம். மெதுவாக ஓட்டச் சொல்லி, ஒருவர் வெளியே நடந்தபடி எந்தச் சக்கரம் என்று கேட்டாலே தெரிந்துவிடும்.

“கொஞ்சம் எண்ணெய் விட்டால் அடங்கிடும்.”

அடங்கும். பிரேக்கும் சேர்ந்து அடங்கும். துரு நீக்கும் ஸ்பிரேயும் அப்படித்தான். எண்ணெய் குடித்த பேடைத் தூக்கிப்போடுவதைத் தவிர வழியில்லை.

“எமரி போட்டுத் தேய்த்தால் சரியாகிவிடும்.”

முகம் இறுகிய பேடுக்குச் சில நாள் பலன் தெரியும். காலிபர் பின் இறுகியிருந்தால் பழைய கதை திரும்பும். தேய்க்கும்போது தூளைக் காற்றடித்து ஊதாமல் இருப்பது நல்லது. பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கலாம்.

“விலை கூடின செராமிக் பேடு சத்தமே போடாது.”

உலோகத்தூள் அதிகம் கலந்த பேடைவிட அது அமைதிதான். ஆனால் பின் இறுகிய காலிபரில் எந்தப் பேடும் கத்தும். பிராண்டு தேடுகிறவர்களுக்கு ஒரு தகவல்: மும்பைக் கடையில் எடுக்கும் டப்பாவில் சென்னை முகவரி இருந்தால் ஆச்சரியப்படாதீர்கள். 1962இல் தொடங்கிய பிரேக்ஸ் இந்தியா, சுந்தரம் பிரேக் லைனிங்ஸ், ரானே எல்லாம் நம் சென்னைக்காரர்கள்தான்.

“சத்தம் வந்தால் பிரேக் போச்சு.”

எந்தச் சத்தம் என்று பார்க்க வேண்டும். மழைநாள் காலையில் முதல் சில பிரேக்குகளில் மட்டும் கேட்டு நின்றுவிட்டால், அது இரவில் டிஸ்க்கில் படர்ந்த துரு, விட்டுவிடலாம். பிரேக்கை மிதித்தாலும் மிதிக்காவிட்டாலும் கேட்டுக்கொண்டே இருந்தால், டிஸ்க்குக்குப் பின்னாலுள்ள தகரம் வளைந்து உரசுகிறதா என்று பாருங்கள். பேடு தேய்ந்ததும் கத்தி எச்சரிக்கப் பல பேடுகளில் ஒரு சிறு உலோக நாக்கு உண்டு; மாட்டும்போது அது வளைந்திருந்தால் புதுப் பேடிலும் கத்தும். லேசாக மிதிக்கும்போது மட்டும் மெல்லிய கீச்சு வந்தால் ஷிம், கிளிப், பேடின் முகம் மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். கரகரவென்று இரும்பு இரும்பைத் தின்னும் சத்தம் கேட்டாலோ, பெடல் அதிர்ந்தாலோ, பிரேக் பிடிக்கையில் வண்டி ஒரு பக்கம் இழுத்தாலோ, அதோடு ஓட்டிப் போகாதீர்கள். மெக்கானிக்கை வண்டி நிற்கும் இடத்துக்கே வரச் சொல்லுங்கள்.