பழைய யன்னலும் ஈயப் பெயின்றும்

வீட்டில் ஒரு கலியாணம் வந்தால் பழைய கதவு யன்னல்களைச் சுரண்டிப் புதுப் பெயின்ற் பூசுவது எமது வழக்கம். ஆபத்து பூசுவதில் அல்ல, சுரண்டுவதில் இருக்கிறது. பழைய எண்ணெய்ப் பெயின்றுகளில் நிறத்துக்காகவும் விரைவில் காய்வதற்காகவும் ஈயச் சேர்மங்களைக் கலந்தார்கள். மஞ்சள், சிவப்பு நிறங்களிலும், இரும்புக் கிறாதிக்கு முதற்பூச்சாகப் பூசிய செவ்வீயத்திலும் இது கூடுதலாக இருந்தது. இலங்கையில் பெயின்றிலுள்ள ஈயத்துக்குச் சட்ட வரம்பு நடைமுறைக்கு வந்தது 2013இல்தான். அதற்கு முந்திய எனாமல் பூச்சு எதையும் ஈயமுள்ளது என்றே கொள்ளுங்கள். சுண்ணாம்பு அடித்த சுவருக்கு இந்தப் பயமில்லை.

1904இல் அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் லொக்ஹார்ட் கிப்சன் என்ற கண் வைத்தியர், விறாந்தைக் கிறாதியின் பெயின்ற் தூள் விரல்களில் ஒட்டி வாய்க்குள் போவதே அங்குள்ள பிள்ளைகளின் ஈய நோய்க்குக் காரணம் என்று எழுதினார். பலர் நம்பவில்லை. வெயிலில் பெயின்ற் தூளாகிப்போவது எமது விறாந்தைகளிலும் நடப்பதுதானே! விழுங்கிய ஈயத்தில், சிறுபிள்ளையின் உடல் பெரியவரைவிட நாலைந்து மடங்கு உறிஞ்சிக்கொள்ளும். அது மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். வெளியே ஒன்றும் தெரியாது. இரத்தப் பரிசோதனைதான் காட்டும். பிள்ளைக்குப் படிப்பு ஏறவில்லை என்று நாம் அடித்துக்கொண்டிருப்போம். கர்ப்பிணியின் உடலில் சேர்ந்தால் வயிற்றிலுள்ள சிசுவுக்கும் போகும்.

பூச்சு உறுதியாக இருந்தால் சுரண்டவே வேண்டாம்; கழுவி, அதன்மேல் பூசிவிடலாம். உரிந்திருந்தால் பிள்ளைகளையும் கர்ப்பிணிகளையும் அயல்வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். கீழே பொலித்தீன் விரித்து, தண்ணீர் தெளித்து நனைத்து நனைத்துச் சுரண்டுங்கள். உலர்ந்தபடி சான்ட் பேப்பர் போடுவது தூளைக் கிளப்பும். நெருப்பால் சுட்டு உரிப்பது அதைவிட மோசம், ஈயம் புகையாகி மூச்சோடு போகும். வாயில் கட்டும் லேஞ்சி இதைத் தடுக்காது. வேலை முடிந்ததும் தும்புத்தடியால் கூட்டாமல் ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவாமல் வெற்றிலையோ பீடியோ தொடக்கூடாது. (மேசன்மாருக்கும் பெயின்ற்காரருக்கும் இதைத்தான் சொல்வது கடினம்.) வேலைசெய்த உடுப்பைத் தனியே தோய்க்கவேண்டும், அந்தத் தண்ணீர் கிணற்றடிக்குப் போகக்கூடாது. சுரண்டிய தூளைப் பையில் கட்டிப் பிரதேச சபையின் குப்பை வண்டியில் ஒப்படையுங்கள்.

இன்னொன்று, பலரும் கவனியாதது. உடைந்த வீடுகளின் பழைய நிலைகளையும் யன்னற் சட்டங்களையும் அடுப்புக்கு விறகாக்குகிறோம். பெயின்ற் பூசிய பலகையை எரித்தால் ஈயம் புகையிலும் சாம்பலிலும் சேரும். அப்படி எரித்திருந்தால் அந்தச் சாம்பலைக் கீரைப் பாத்திக்குப் போடவோ சட்டி தேய்க்கவோ எடுக்காதீர்கள்.