வானூர்தி நிலையங்களுக்கிடையே தொலைவும் பிரயாண நேரமும்

ஹனூர் 1956 வரை சென்னை இராஜ்யத்தின் கோயமுத்தூர் ஜில்லாவைச் சேர்ந்திருந்தது. பின்னர் மைசூர் மாவட்டத்தில் சேர்ந்தது. 1997 முதல் சாமராஜநகர் மாவட்டத்தில் உள்ளது. நிர்வாக எல்லைகள் இவ்வாறு மாறினும் அவ்வூரின் அட்சரேகை ஏறத்தாழ 12 பாகை வடக்கு என்பது மாறவில்லை. தொலைவைக் கணிப்பதற்கு இவ்வெண்களே ஆதாரமாகும்.

அட்சரேகையில் ஒரு பாகை என்பது தரையில் சுமார் 111 கிலோமீட்டர். ஆகவே, 13.2 பாகையிலுள்ள பெங்களூர் கெம்பேகௌடா விமான நிலையம் ஹனூருக்கு வடக்கே ஒரு பாகைக்குச் சற்று அதிகமான தொலைவில் அமைந்துள்ளது என்பதை மாணாக்கர் எளிதில் உணர்வர்.

இனி ஒரு நெடும் பிரயாணத்தை ஆராய்வோம். 2021 ஜனவரி 9 அன்று இரவு, ஏர் இந்தியா விமானமொன்று சான்பிரான்சிஸ்கோவிலிருந்து புறப்பட்டு, எங்கும் இறங்காமல், வடதுருவத்தின் மீதாகப் பறந்து பெங்களூரை அடைந்தது. ஜோயா அகர்வால் தலைமையில் பெண் விமானிகளே அதனைச் செலுத்தினர். சுவரிலுள்ள தேசப்படத்தை மட்டும் கண்டவருக்கு, மேற்கே செல்ல வேண்டிய விமானம் துருவத்துக்கு ஏன் சென்றது என்னும் ஐயம் எழுவது இயல்பே. பூகோள உருண்டையின் மீது ஒரு நூலை இழுத்துப் பிடித்துக் காட்டினால் ஐயம் நீங்கும். இறுகிய நூல் காட்டும் பாதையே பெருவட்டப் பாதை எனப்படும் மிகக் குறுகிய வழி.

திரிகோண கணித அட்டவணை கைவசம் இல்லாதோரும் துருவவழித் தொலைவைக் கூட்டலால் அறியலாம். சான்பிரான்சிஸ்கோ 37.6 பாகை வடக்கு; அதிலிருந்து துருவம் 52.4 பாகை. பெங்களூரிலிருந்து துருவம் 76.8 பாகை. இரண்டும் சேர்ந்து 129.2 பாகை, 111.2 ஆல் பெருக்க, 14,367 கிலோமீட்டர். முறைப்படி கணித்த பெருவட்டத் தொலைவோ சுமார் 13,990 கிலோமீட்டர். வேறுபாடு நூற்றுக்கு மூன்றுக்கும் குறைவே. தட்டைப் படத்தில் பசிபிக் சமுத்திரத்தின் குறுக்கே கோடு கிழித்து, அதே திசையில் பறப்பின், தொலைவு 16,000 கிலோமீட்டரைத் தாண்டிவிடும்.

மணிக்கு 900 கிலோமீட்டர் வேகமெனின், துருவவழிக்கு ஏறக்குறைய 16 மணி நேரம் ஆகும். ஆனால் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகமுள்ள எதிர்க்காற்று வழிநெடுக வீசினால் தரைவேகம் 840 ஆகக் குறைந்து, பிரயாணம் 17 மணியைக் கடந்துவிடும். அந்த ஒரு மணி நேரத்திற்கும் எரிபொருள் இருத்தல் வேண்டும். நடுவே இறங்கி நிரப்பிக்கொள்ள வழியில்லை. எனவே விமானிகள் நேர்கோட்டைவிடக் காற்றையே பெரிதும் மதிக்கின்றனர். சாதகமான காற்றிருப்பின், சற்று நீண்ட வழியையும் மேற்கொள்கின்றனர்.

பெரும்பாலோர் தவறுவது கடிகாரத்தில்தான். அவ்விமானத்தின் அட்டவணைப்படி புறப்பாடு 9ஆம் தேதி இரவு 8-30. வருகை 11ஆம் தேதி அதிகாலை 3-45. இவற்றை அப்படியே கழித்தால் 31 மணி 15 நிமிடம் என்று வரும், இது பொருந்தாது. குளிர்காலத்தில் சான்பிரான்சிஸ்கோ நேரம் இந்திய நேரத்துக்கு 13½ மணி பிந்தியது. ஆகவே புறப்பாடு, இந்திய நேரப்படி, 10ஆம் தேதி காலை 10 மணி. பிரயாணம் 17 மணி 45 நிமிடம். கோடைக்கால நேரம் அமலில் இருக்கையில் வித்தியாசம் 12½ மணியே. உறவினரை எதிர்கொள்ள ஹனூரிலிருந்து புறப்படுவோர் தேதியையும் இவ்வாறே சரிபார்த்துக்கொள்ளல் நன்று. இல்லையேல் ஒரு நாள் முன்னதாகவே விமான நிலையத்தில் காத்து நிற்க நேரிடும்.