படுக்கையருகில் மீயொலிப் பயிற்சி

நம் கலாசாலையில் பௌதிகம் பயின்ற மாணாக்கருள் வைத்தியக் கல்விக்குச் செல்வோரும் உளர். எதிரொலியைப் பற்றி அவர்கள் இங்குக் கற்ற சிறு பாடம், பிற்காலத்தில் உயிர்காக்குங் கருவியாய் அவர்கள் கையில் வந்து சேர்கின்றது. அக்கருவியைக் கையாளும் வகையை அவசர சிகிச்சை வைத்தியர்க்குக் கற்பிப்பது எங்ஙனம் என்பதை இங்கே ஆராய்வோம்.

பாபநாசம், அம்பாசமுத்திரம் முதலிய ஊர்களிலும், மதுரை–கன்னியாகுமரிப் பெருஞ்சாலையிலும் விபத்துக்குள்ளானோர், பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் உள்ள திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி வைத்தியசாலையை நாடி வருதல் நாமெல்லாரும் அறிந்ததே. இத்தகையோருள் ஒருவனுக்கு வெளியே பெருங்காயம் யாதும் இராது. ஆயினும் முகம் வெளிறி, நாடி விரைந்து, இரத்த அழுத்தம் தாழ்ந்துகொண்டே போகும். வயிற்றினுள் இரத்தம் பெருகுகின்றதா என்பதே அப்போதைய கேள்வி. சி.டி. ஸ்கேன் அறைக்கு அவனைக் கொண்டுசெல்லும் வழியிலேயே உயிர் பிரிதலுங் கூடும். ஆதலின், நோயாளியைக் கருவியிடம் கொண்டுபோகாது, கருவியை நோயாளியின் படுக்கைக்குக் கொண்டுவருதல் வழக்கமாயிற்று.

மனிதர் செவிக்கு எட்டாத மிகை அதிர்வுடைய ஒலியை மீயொலி என்கிறோம். வயிற்றைச் சோதிக்க, வினாடிக்கு 20 இலட்சம் முதல் 50 இலட்சம் வரை அதிரும் ஒலி பயன்படுகின்றது. உடலின் மெல்லிய தசைகளில் அது வினாடிக்கு 1,540 மீட்டர் செல்வதாகக் கொண்டு கருவி கணக்கிடும். 10 சென்டிமீட்டர் ஆழத்தினின்று எதிரொலி திரும்ப, ஒரு வினாடியை 7,700 கூறாக்கினால் அதில் ஒரு கூறே செல்லும். மாணாக்கர் இதைத் தாமே கணக்கிட்டுப் பார்க்கலாம். திரவம் எதிரொலி தராமையின் திரையில் கருமையாய்த் தோன்றும். எலும்பு வெண்கோடாய்த் தோன்றித் தன் பின்னே நிழல் வீழ்த்தும். காற்றோ ஒலியைச் சிதறடித்துவிடும். இடையே காற்று நில்லாதிருக்கும் பொருட்டே தோலின்மேல் ஜெல் பூசுகின்றனர்.

ஒலியைக் கொண்டு உடலின் உட்புறத்தை அறிதல் புதிதன்று. சத்திரக்காரர் ஒருவரின் மகனான ஆவன்புருகர் என்னும் வைத்தியர், நெஞ்சை விரலால் தட்டி நோயறியும் முறையை 1761-இல் வெளியிட்டார். தந்தை பீப்பாய்களைத் தட்டி உள்ளிருக்கும் அளவை அறிந்ததைக் கண்டே இது தோன்றிற்று என்பர். 1808-இல் கொர்விசார் அந்நூலைப் பிரெஞ்சில் பெயர்த்த பின்னரே அது பரவலாயிற்று. கிளாஸ்கோ நகரத்து இயான் டொனால்டும் அவர்தம் துணைவரும் மீயொலிப் படங்களை 1958-இல் வெளியிட்டனர்.

இனிப் பாடத்திற்கு வருவோம். மல்லாந்து கிடப்பவன் வயிற்றில் கசிந்த இரத்தம் எங்கே தேங்கும்? தாமிரபரணிக் கால்வாயின் நீர் பள்ளமான வயலைத் தேடிச் செல்வதுபோல, அதுவும் பள்ளத்தையே நாடும். வலப்புறம் கல்லீரலுக்கும் சிறுநீரகத்திற்கும் இடையிலுள்ள மோரிசன் பை. இடப்புறம் மண்ணீரலைச் சுற்றிய இடம். அடிவயிற்றில் சிறுநீர்ப்பையின் பின்புறம்: இம்மூன்றையும் நோக்குதல் வேண்டும். இதயவுறையினுள் இரத்தம் சேர்ந்துளதா என்பது நான்காவது பார்வை. நுரையீரல் மூச்சோடு வழுக்கி அசைகின்றதா என்பதையும் இப்பொழுது சேர்த்துப் பார்க்கின்றனர்.

இடங்களை மனப்பாடஞ் செய்ய ஒரு பொழுது போதும்; கை பழக நெடுநாளாகும். ‘புரோப்’ எனப்படும் கைக்கருவியைச் சிறிது சாய்த்தால் சிறுநீரகம் மறையும். சிறிது திருப்பினால் விலா எலும்பின் நிழல் திரையை மூடும். புதியவர் கண்ணைத் திரையில் வைத்துக் கையை மறந்துவிடுவர். நல்ல ஆசிரியர் கருவியைத் தாம் பிடுங்கிக்கொள்ளாமல், மாணாக்கர் கைமேல் தம் கையை வைத்து ஓரிழை சாய்த்துக் காட்டுவார். பொறுமையற்ற ஆசிரியரிடம் இக்கலை வளராது என்பது நம் கருத்து.

முதலில் உடல்நலமுடைய தோழரையே சோதித்துப் பழகுதல் நன்று. இயல்பை அறியாதார் பிறழ்வை எவ்வாறு அறிவர்? அடுத்து, ஈரல் நோயால் வயிற்றில் நீர் கோத்தவரை, அவர்தம் சம்மதம் பெற்றுச் சோதிக்கலாம். திரவத்தின் கருமை எத்தகையதென அங்கே விளங்கும். தாம் கற்பதற்காகத் தம் நோயுடலை ஒருவர் தருகின்றார் என்பதை மாணாக்கர் உணர்ந்து, போர்வையை ஒழுங்காக மூடி, ஜெல்லைத் துடைத்துவிட்டு நீங்குதலும் பாடத்தில் அடங்கும். ஊசியைச் செலுத்தும் பயிற்சிக்கோ கடற்பாசிக் கட்டியே போதும். ஒவ்வொரு வகைச் சோதனையிலும் 25 முதல் 50 வரை செய்து பழக வேண்டும் என்பது அமெரிக்க அவசர வைத்தியர் கல்லூரியின் நெறி. எண்ணிக்கை நிறைவது ஒன்று, திறம் வாய்ப்பது ஒன்று. ஆகவே சேமித்த படங்களை மூத்தவர் ஒருவர் மீண்டும் நோக்கித் திருத்துதல் வேண்டும்.

யாவற்றினும் அரிதாய்க் கற்பிக்க வேண்டியது விடை கூறும் முறை. இரத்தம் உண்டு, காணப்படவில்லை, படம் தெளிவில்லை என விடை மூவகைப்படும். இரண்டாவதை ‘இரத்தம் இல்லை’ எனக் கொள்வதே பெருங்கேடு. சில நூறு மில்லிலிட்டர் சேரும்வரை திரையில் ஒன்றும் தோன்றாதிருக்கலாம். வயிற்றறையின் பின்னே பெருகும் இரத்தமோ பெரும்பாலும் அகப்படுவதே இல்லை. மூன்றாவதைச் சொல்ல இளையோர் நாணுவர்; மூத்தவர் தாமே ‘எமக்கும் தெளிவில்லை’ என்று அவர்கள் கேட்கக் கூறினால் அந்நாணம் அகலும்.

நம் நாட்டில் இக்கருவிக்குச் சட்டக் காவலும் உண்டு. பெண்சிசுவைக் கருவிலேயே கண்டு அழித்த கொடுமையால், கருவின் பாலறிதலைத் தடுக்கும் சட்டம் 1994-இல் இயற்றப்பட்டது. அதன்படி கருவியைப் பதிவு செய்யாமல் வைத்திருத்தலும், விரும்பிய இடத்திற்கு எடுத்துச் செல்லுதலும் கூடா. பயிற்சிக்கு இது சிறிது இடையூறே. ஆயினும் சட்டம் பிறந்த காரணத்தை எண்ணுவோர் அதனை நொந்துகொள்ளார். அவசர வைத்தியம் தனிப் பட்டமேற்படிப்பாக இந்திய மருத்துவக் கவுன்சிலால் 2009-இல் ஏற்கப்பட்டமையின், வருங்காலத்தில் இப்பயிற்சி பெறுவோர் பெருகுவர்.

முதற் சோதனையில் ஒன்றும் காணப்படாத நோயாளியை விட்டு மாணாக்கர் அகலலாகாது. நாடியையும் இரத்த அழுத்தத்தையும் குறித்துக்கொண்டு, சிறிது பொழுது கழித்து அதே நான்கு இடங்களில் மறுபடியும் ‘புரோப்’பை வைத்துப் பார்த்தல் வேண்டும், நோயாளி தளர்ந்தாலோ அப்பொழுதே பார்த்தல் வேண்டும்.